தங்கபுஷ்பத்தின் தாழ்ப்பாள்

ஜூன் 13, வெள்ளி

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒரு மனிதரும் நம்பப்போவதில்லை என்று, முதல் வரியிலேயே, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்து தருகிறேன். இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதையும் நம்ப வேண்டாம்.

எழுதுகிறவன் கோயில்பிள்ளை, வயது அறுபத்தொன்பது, தூத்துக்குடி. உப்புக் கம்பெனி எடைமேடையில் முப்பத்தொரு வருடம் லாரிகளை நிறுத்தி எடை எழுதினேன். ஒரு கிலோ கூட்டியதில்லை, ஒரு கிலோ குறைத்ததில்லை. மனிதனுக்கு ஆயுளில் இவ்வளவு உண்மைதான் என்று ஓர் அளவு உண்டு. என் பங்கு முழுவதும் உப்புக்கே செலவாகிவிட்டது.

சம்பவம் இது. என் அக்கா தங்கபுஷ்பம், வயது எழுபத்து மூன்று, தன் வீட்டுக் குளியலறையில் போன வெள்ளிக்கிழமை விழுந்தாள். விழுந்த அதிர்ச்சியில் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மறுபடி நங்கூரம் போட்டன. கொழும்பில் ஒரு வீட்டில் அலமாரியிலிருந்து ஒரு தட்டு உருண்டு விழுந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் வந்து ஒற்றை விரலால் கதவை உடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் கையில் கடப்பாரையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

இடது இடுப்பு. முறிந்த எலும்புப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து ஒன்றை வைத்துவிட்டார்கள். நேற்று வீட்டுக்கு வந்தாள். குத்தவைத்து உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்வான நாற்காலி கூடாது, தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வேண்டும், எழுந்தால் வாக்கர் பிடித்துத்தான் எழ வேண்டும். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கவே கூடாது. கதவே புதிது. தாழ்ப்பாள் மாட்டாமல்தான் தச்சர் விட்டுப்போனார்.

அக்கா கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எலும்பு கூடுதோ கூடலையோ, எனக்கு அந்தத் தாழ்ப்பாள் வேணும்ல."

நான் பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தருகிற ஏற்பாடு இருக்கிறது. வாரம் இரண்டு நாள். வந்தவர் பெயர் இசக்கிராஜ். முப்பது வயது இருக்கும். கை ஒவ்வொன்றும் படகுத் துடுப்பு அகலம்.

அக்காவைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார். நின்றாள். நான்கு அடி நடந்தாள். உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, நல்லாப் பண்ணுதீங்க. என்ன வேணும்னு நினைக்கீங்க? கோயிலுக்குப் போணுமா, மாடி ஏறணுமா? ஒரு குறி வச்சிக்கிட்டோம்னா வேகமாத் தேறிரலாம்."

"கதவத் தாழ் போட்டுட்டுக் குளிக்கணும் தம்பி. வெளிய ஒரு ஆளும் நிக்கக் கூடாது."

இசக்கிராஜ் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை எனக்குப் பிடிக்கும். அவர் ஒரு நிபந்தனை சொன்னார். நாற்காலியிலிருந்து கைப்பிடி பிடிக்காமல் எழ வேண்டும், பத்தடி நடந்து திரும்பி வந்து உட்கார வேண்டும், எல்லாம் இருபது நொடிக்குள். மூன்று நாள் தொடர்ந்து அப்படிச் செய்தால் தாழ்ப்பாள்.

இன்றைக்கு நான்கு அடிக்கே ஒரு நிமிடம் ஆனது.

மாலையில் மஸ்கட்டிலிருந்து அக்கா மகள் ஜாய்ஸ் வீடியோவில் வந்தாள்.

"மாமா, அம்மா எப்படி நடக்கா? நெசத்த மட்டும் சொல்லுங்க."

"இன்னைக்குக் காலைல ரோச் பூங்கா வரைக்கும் போயிட்டு வந்தா. நான்தான் மூச்சு வாங்கிட்டுப் பின்னாடி வந்தேன்."

"ஏல, பொய்யா சொல்லுத?" கட்டிலிலிருந்து அக்கா. "ஏட்டி ஜாய்ஸ், நான் இந்த ரூம விட்டு இன்னும் வெளிய போவல."

ஜூன் 24, செவ்வாய்

பத்து நாள் முடிந்துவிட்டது. ஆனால் என் வீட்டைப் புறாக்கள் பிடித்துக்கொண்டுவிட்டதாகத் தகவல். சுமார் நானூறு. அவற்றுக்குள் ஒரு நிர்வாகக் குழுகூட அமைந்துவிட்டதாம். அவை ஒரு முடிவுக்கு வரும்வரை நான் இங்கேயே இருப்பது நல்லது.

ஜூலை 6, ஞாயிறு

இத்தனை நாள் அக்காவைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த செல்லக்கனி, மகளுக்குப் பிரசவம் என்று திருச்செந்தூர் போய்விட்டாள். இனி அக்கா தானே குளிக்க வேண்டும். நாற்காலி உள்ளே போட்டாயிற்று, சுவரில் கைப்பிடி அடித்தாயிற்று, வாளி கை எட்டும் உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்தாயிற்று. ஆனால் ஆள் ஒருவர் கூப்பிடு தூரத்தில் நிற்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

கதவு பாதி திறந்திருக்கும். குறுக்கே பழைய சேலை ஒன்று கட்டியிருக்கிறேன். சேலைக்கு இந்தப் பக்கம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். முதுகைத்தான் காட்டுகிறேன் என்பது உள்ளே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? ஆகவே முதல் குவளை ஊற்றியதிலிருந்து கடைசிக் குவளை வரை நான் எதிர்ச்சுவரைப் பார்த்து ஓயாமல் பேச வேண்டும். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் அக்காவுக்கு நிம்மதி. இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

இன்று திமிங்கலத்தை எடை போட்ட கதையைச் சொன்னேன். எடைமேடை அறுபது டன்னுக்குத்தான் கட்டியது. திமிங்கலத்தின் வால் மட்டும் ஐம்பத்தெட்டு டன். ஆகவே அதைத் துண்டு துண்டாக, உயிரோடு, அதன் சம்மதத்தோடு எடை போட்டோம்.

நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர்ச் சத்தம் உடனே நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"எச்சில் முழுங்குனேன்க்கா."

"பேசிட்டே முழுங்கு."

ஜூலை 14, திங்கள்

அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சண்முகப்பிரியா என்ற பெண்.

"சார், இடுப்பு ஆபரேஷன் பண்ணின பெரியவங்க வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு மாசா மாசம் கேட்டு எழுதுறோம். ஆறு கேள்விதான். தங்கபுஷ்பம் அம்மாகிட்டக் குடுக்கீங்களா?"

"தூங்குதா. என்கிட்டயே கேளுங்க. அவ வாயும் என் வாயும் ஒண்ணுதான்."

இங்கே ஒரு குடும்ப விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். 'எப்படி இருக்கீங்க' என்று வெளி ஆள் கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். அப்பாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் கேட்டபோதுகூட அம்மா, 'நல்லா இருக்கோம், நீங்க எப்படி இருக்கீங்க' என்றுதான் சொன்னாள். அந்த அம்மாவின் பாலைத்தான் நானும் குடித்திருக்கிறேன்.

"நடக்கச் சிரமம் இருக்கா சார்?"

"நடையா? ஓட்டம்."

"குளிக்க, துணி மாத்த?"

"எல்லாம் அவளே."

"வீட்டு வேலை?"

"நேத்து முப்பது பேருக்குச் சமைச்சா."

"வலி?"

"அப்படின்னா?"

"மனக்கவலை, பயம் இந்த மாதிரி?"

"எங்க குடும்பத்துல அந்தப் பொருளே கிடையாதும்மா."

"கடைசிக் கேள்வி. இன்னைக்கு அவங்க உடல்நிலைக்கு நூத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"நூத்திப்பத்து."

"நூறுக்குள்ள சொல்லணும் சார்."

"அப்ப தொண்ணூத்தஞ்சு. அஞ்சு மார்க் ஆஸ்பத்திரிக்கு விட்டுக்குடுக்கேன்."

அந்தப் பெண் மிகவும் சந்தோஷப்பட்டாள். அக்கா எழுந்ததும் யார் போனில் என்று கேட்டாள். கேஸ் கம்பெனி என்றேன்.

ஜூலை 17, வியாழன்

இசக்கிராஜ் வரவில்லை. போன் செய்தார்.

"சார், வீட்டுக்கு வந்து பாக்குற லிஸ்டுல இருந்து அம்மா பேர எடுத்துட்டாங்க. ஓடுறாங்கன்னு எழுதியிருக்கு. தொண்ணூத்தஞ்சு மார்க்காம். போன தடவ நான் பாத்தப்ப எந்திரிக்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்துச்சே சார்? நெசமாவா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

"ரொம்ப சந்தோசம் தம்பி," என்றேன். "உங்க கைராசி."

"சரி சார். காத்திட்டு இருக்கவங்க நிறைய பேரு. அந்த இடத்துக்கு வேற ஒருத்தரப் போட்டுருவாங்க."

அக்காவிடம் அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

காய்ச்சல் இசக்கிராஜின் அம்மாவுக்கும் வந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

இசக்கிராஜ் தென்காசிப் பக்கம் போயிருக்கிறார். அங்கே ஒரு கோயில் யானைக்கு இடுப்பு பிசகிவிட்டது. தமிழ்நாட்டிலேயே அந்த அளவுக்குக் கை உள்ளவர் அவர் ஒருவர்தான் என்று வண்டி அனுப்பி அழைத்துப் போயிருக்கிறார்கள். யானை தேறும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யானைக்கும் வாக்கர் குடுத்திருக்காகளால?"

"ரெண்டு."

இதற்கிடையில் பயிற்சிகளை நானே நடத்துகிறேன். அவர் சொல்லித்தந்த ஒன்பதில் எனக்கு நினைவிருப்பவை நான்கு. மீதி ஐந்தை நானே இயற்றினேன். அக்கா அந்த ஐந்தையும் பார்த்துவிட்டு, முதலில் நீ செய்து காட்டு என்றாள். காட்டினேன். அதற்குப் பிறகு நான் இரண்டு நாள் எழவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அக்காவுக்குச் சிரமம் வைக்காமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். காப்பி, சாப்பாடு, பைபிள், கண்ணாடி, எல்லாம். ராணி மாதிரி இருக்கிறாள். எழுந்திருக்கவே தேவையில்லை.

கால் கொஞ்சம் இறுகியிருப்பதாகச் சொன்னாள். காற்றுக்கு அப்படி இருக்கும் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

காலையில் அக்கா குளிக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, சாளை மீன் வாங்கி ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன், அதுவரை குளிக்காதே என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் விற்கிற அம்மாள் திமிங்கலக் கதையைக் கேட்டதில்லை என்று சொன்னாள். கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. குளியலறைச் சேலை போட்டபடி இருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை.

"அக்கா?"

"வந்துட்டியா."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குளித்து முடித்துவிட்டு எழ முடியவில்லை. ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் அப்படியே இருந்திருக்கிறாள். பல் கிட்டிப் போயிருந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் அவ்வளவுதான் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டினேன். மூன்றாவது முயற்சியில் எழுந்தாள்.

"கூப்பிட்டியாக்கா?"

"கூப்பிட்டேன்."

"எத்தனை தடவ?"

"எண்ணல."

மீனைச் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காப்பி கொண்டுபோனேன். அக்கா வாங்கவில்லை.

"இசக்கிராஜ் ஏன் வரல? யானைய விட்டுட்டுச் சொல்லு."

சொன்னேன். சண்முகப்பிரியா, ஆறு கேள்வி, ஓட்டம், முப்பது பேர் சமையல், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என் அக்கா திட்ட ஆரம்பித்தால் வெயில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அவள் திட்டவில்லை.

"நூத்துக்கு எத்தனை போட்ட?"

"தொண்ணூத்தஞ்சு."

"என்கிட்டக் கேட்டியா?"

"நீ தூங்கிட்டு இருந்த."

"எந்திரிச்ச பொறவு கேட்டியா?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிந்துவிட்டது.

"இப்பக் கேளு," என்றாள்.

"எத்தனைக்கா?"

"முப்பது."

ஆகஸ்ட் 2, சனி

முப்பது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவை. ஒருவரும் நம்பவில்லை.

"சார், போன மாசம் நீங்கதான ஓடுறாங்கன்னு சொன்னீங்க?" என்றாள் சண்முகப்பிரியா.

"அது பொய்யும்மா."

"முப்பது பேருக்குச் சமைச்சது?"

"அரிசி களைஞ்சதே நான்தான்."

"இப்ப முப்பது மார்க்குன்னு சொல்றீங்க. மூணு வாரத்துல தொண்ணூத்தஞ்சுல இருந்து முப்பதுக்கு இறங்கிட்டாங்களா? திரும்ப விழுந்தாங்களா?"

"விழல. எப்பவுமே முப்பதுதான்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"தம்பி."

பிறகு, நேரில் அழைத்து வாருங்கள், டாக்டர் பார்த்து எழுதினால்தான் பட்டியலில் மறுபடி சேர்க்க முடியும் என்றாள். நியாயம். எடைமேடையிலும் அப்படித்தான். டிரைவர் வாயால் சொல்கிற எடையை நான் எழுதியதே இல்லை. லாரியை ஏற்று என்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

லாரியை ஏற்றினோம். காரின் முன்சீட்டில் இரண்டு தலையணை அடுக்கி அக்காவை உட்கார வைத்துக் கொண்டுபோனேன். டாக்டரம்மா ஒரு நாற்காலியைப் போட்டு, எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். கையில் கடிகாரம்.

நாற்பத்தொரு நொடி, வாக்கரோடு.

நான் எத்தனையோ லாரிகளின் எடையைப் பார்த்திருக்கிறேன். ஒரு எண் இவ்வளவு கனமாக இருந்து பார்த்ததில்லை.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்காங்கன்னு சொன்னது நீங்கதானா?"

"அவனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும் டாக்டர்," என்றாள் அக்கா. "அவன எழுதாதீங்க. என்னைய எழுதுங்க."

ஆகஸ்ட் 9, சனி

இசக்கிராஜ் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க தம்பி. யானைக்கு இப்ப எப்படி இருக்கு?"

இசக்கிராஜ் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"தேவலம்மா," என்றார் நிதானமாக. "ஆனா அதோட தம்பிதான் கொஞ்சம் தொந்தரவு."

அக்கா சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான். சிரிப்பில் இடுப்பு வலித்திருக்க வேண்டும். கையை வைத்துப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள்.

மூன்று வாரத்தில் இழந்ததைப் பிடிக்க ஆறு வாரம் ஆகும் என்று அவர் சமையலறையில் என்னிடம் தனியாகச் சொன்னார். ராணி மாதிரி வைத்திருந்தேனே என்றேன். அதுதான் சார் கெடுத்தது, ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும் அவங்களே எழுந்து வரட்டும் என்றார். நான் இயற்றிய ஐந்து பயிற்சிகளையும் செய்துகாட்டச் சொன்னார். காட்டவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முப்பத்தாறு நொடி. அக்கா காப்பியைச் சமையலறைக்கே வந்து குடிக்கிறாள். சர்க்கரை போதவில்லை என்று இரண்டாவது தடவையும் வருகிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

இருபத்தொன்பது. வாக்கர் மூலையில் நிற்கிறது. இனிக் கைத்தடி. கைத்தடியால் முதலில் செய்த காரியம், கட்டிலுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த மிக்சர் பாக்கெட்டை வெளியே இழுத்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இருபத்து மூன்று. தினமும் காலை பத்து மணிக்குச் சோதனை. கடிகாரம் என் கையில். நொடிகளைக் காலண்டரில் எழுதுகிறேன். கூட்டாமல், குறைக்காமல்.

செப்டம்பர் 12, வெள்ளி

இருபத்தொன்று.

தச்சர் எப்போது வருவார் என்று அக்கா கேட்டாள். அவர் பெரிய வேலை ஒன்றில் இருக்கிறார் என்றேன். ஒரு கப்பல் முழுவதற்கும் கதவு செய்துகொண்டிருக்கிறார்.

குளியலறைத் தரையை இன்று நான்கு முறை தேய்த்தேன். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

இருபத்து மூன்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

இருபத்து நான்கு. காலை ஆராதனைக்கு முதல் தடவை போய்வந்ததால் களைப்பாக இருக்கலாம்.

செப்டம்பர் 15, திங்கள்

இருபத்து மூன்று. முன்னேற்றம் நின்றுவிட்டது போலத் தெரிகிறது. இந்த வயதில் இது சகஜம். தாழ்ப்பாள் இல்லாமலும் உலகத்தில் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சோதனை முடிந்து இருபத்து மூன்று என்று எழுதப் போனேன். அக்கா கைத்தடியால் காலண்டரைத் தட்டினாள்.

"எழுதாத. எங்க, கடியாரத்தக் காட்டு."

"அழிச்சிட்டேன்க்கா."

"நான் நடக்கும்போது என்ன பண்ணுதேன்னு தெரியுமால உனக்கு?"

"நடக்க."

"கர்த்தருடைய செபம் சொல்லிட்டே நடக்கேன். மனசுக்குள்ள. எழும்பும்போது ஆரம்பிப்பேன். நாப்பத்தொரு நொடி ஆன அன்னைக்கு ஆமென் சொல்லிட்டு மறுபடியும் கிட்டத்தட்ட முழுசாச் சொன்னேன். இருபத்தொண்ணு ஆன அன்னைக்கு ஆமெனும் நாற்காலியும் ஒண்ணா வந்துச்சு. சனிக்கிழமையில இருந்து நான் உக்காந்து மூச்சு விட்ட பொறவுதான் ஆமென் வருது. நாலு நாளு. ஏல, உன் கடியாரம் பொய் சொல்லுதா, நீ சொல்லுதியா?"

என்னிடம் எந்தக் கதையும் இல்லை. ஒரு திமிங்கலம்கூட வரவில்லை.

"சனிக்கிழமை எத்தனை?"

"பத்தொம்பது."

"பொறவு?"

"பத்தொம்பது. பதினெட்டு. இன்னைக்குப் பதினெட்டு."

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல கூட்டிச் சொன்ன. இப்பக் குறைச்சிச் சொல்லுத. என்னல வேணும் உனக்கு?"

"கதவு சாத்தியிருந்தா," என்றேன். தொண்டையில் சாளை முள் ஒன்று சிக்கிக்கொண்டது. சாளை வாங்கி ஒன்றரை மாதம் ஆகிறது என்பது வேறு விஷயம். "அன்னைக்கு கதவ உடைச்சது நான் இல்லக்கா. அவங்க மூணு பேருதான். எனக்குக் கை ஓடல. உள்ள நீ முனகுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. பதினஞ்சு நிமிசம்."

அக்கா எழுந்தாள், கைப்பிடியைத் தொடாமல். பேனாவை என் கையிலிருந்து வாங்கிக் காலண்டரில் நான்கு நாளையும் திருத்தி எழுதினாள். பிறகு சொன்னாள்.

"தச்சரக் கூப்பிடு. உன் வீட்டுப் புறாவெல்லாம் அங்கனயே இருக்கட்டும். நீ இங்கனயே கெட."

செப்டம்பர் 24, புதன்

சண்முகப்பிரியா போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. அக்காதான் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள், ஆறு கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். நடக்கக் கொஞ்சம் சிரமம் உண்டு. வலி மழைக்கு முந்தின நாள் உண்டு. பயம் உண்டா என்றதற்கு, ஈரத்தரையைப் பார்த்தால் உண்டு என்றாள். எங்கள் வீட்டில் ஒருவர் வெளி ஆளிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கூரை விழவில்லை.

"நூத்துக்கு எத்தனைம்மா?"

"அறுவத்தெட்டு."

"ரொம்ப சந்தோசம்மா. கூட இருந்து பாக்குறவங்களுக்கும் இப்ப ஒரு கேள்வி சேத்திருக்கோம். சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கான். அவன்கிட்டக் கேக்காதீங்க, நானே சொல்லுதேன். அவனுக்கு அம்பது போடுங்க. மிச்சத்த நான் பிடிச்சி வச்சிருக்கேன்."

செப்டம்பர் 26, வெள்ளி

தச்சர் கப்பலிலிருந்து இறங்கி வந்தார். இசக்கிராஜ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வேலை நடந்தது. கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார்கள். தாழ்ப்பாள் வழக்கமான உயரத்தில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. அவசரம் என்றால் வெளியிலிருந்து நான்கு திருகாணியைக் கழற்றிக் கதவைத் திறக்கலாம். அதை நான் பதினோரு முறை பழகினேன். மிகக் குறைந்த நேரம் ஐம்பத்திரண்டு நொடி.

"சார், போதும். திருகாணி மரை தேஞ்சிரும்," என்றார் இசக்கிராஜ்.

செப்டம்பர் 27, சனி

காலை ஒன்பது ஐந்து. அக்கா துண்டை எடுத்துக்கொண்டாள், கைத்தடியை எடுத்துக்கொண்டாள், என்னைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"வெளிய போ. தெருவுக்கு."

போனேன்.

உள்ளே முதல் குவளை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேச ஆளில்லை, பேச வேண்டியதும் இல்லை. மூன்றாவது விழுவதற்குக் கொஞ்சம் தாமதமானது.

"ஏல," என்று உள்ளேயிருந்து குரல். "நீ அங்கனதான நிக்க?"

"இல்லக்கா. தெருமுனை டீக்கடையில இருக்கேன்."

"டீக்கடையில இருந்து எப்படில பதில் சொல்லுத?"

"காத்து இந்தப் பக்கமா அடிக்குது."

மூன்றாவது குவளை விழுந்தது. பிறகு வரிசையாக, அவசரமில்லாமல், ஒரு வாளி முழுவதும்.

இந்த நோட்டில் இருப்பதில் பெரும்பகுதிக்கு நான் பொறுப்பேற்க முடியாது. சத்தியம் செய்துதான் ஆரம்பித்தேன். சின்னதாக ஒன்று மட்டும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் குளிக்கும்போது சத்தம் வராமல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.